குங்குமம் துடைத்த கீபோர்டு

17

கோபத்தில் விட்ட வார்த்தை கோபம் ஆறியதும் தானே கிளம்பிப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் சேசுராஜ் வீட்டுக்கு ஒரு நடை வந்து பார்க்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை லூசியிடம் அவர் சொன்னார்: "அடுத்த ஞாயிறு இந்த ஹால் காலியா இருக்கணும். இல்லன்னா எல்லாத்தையும் தனகோட்டி கடைக்கே ஏத்தி உட்டுடுவேன்." நான்கு நாளாகியும் அந்த வார்த்தை வீட்டை விட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது கூட உட்கார்ந்தது, படுக்கும்போது கூடப் படுத்தது.

தனகோட்டி கடை என்றால் காயலான் கடை. லூசியின் சேகரிப்பில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

காந்தி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லூசிக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். பத்து வருடமாக அவள் சேர்ப்பது நகையும் இல்லை, புடவையும் இல்லை. ஆபீஸ்களில் உழைத்து ஓய்ந்த பழைய டெர்மினல்கள். பார்த்தால் கம்ப்யூட்டர் மாதிரிதான் இருக்கும், ஆனால் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. உள் அறையில் இருக்கும் பெரிய மெஷினிடம் கேட்டுச் சொல்ல ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். கடைக்குப் பின்னாலிருந்த அறையைக் கட்டடக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டதால், இருபத்து மூன்று டெர்மினல்களும் நாற்பது கீபோர்டுகளும் இப்போது வீட்டு ஹாலில் குடியிருந்தன. சேசுராஜ் டி.வி. பார்க்க வேண்டுமானால் இரண்டு டெர்மினலுக்கு நடுவே கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். மனிதர் கோபப்பட்டதில் தப்பு சொல்ல முடியாது.

ஒரே ஒரு வழி இருந்தது. திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஃபாதர் மரியசெல்வம், இந்த மாதிரிப் பழைய மெஷின்களுக்கென்று அங்கே ஒரு அறை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள அவர் தயார். ஆனால் கல்லூரி நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஒன்றாவது முழுசாக இருக்க வேண்டும்: இன்ன ஆபீஸில் இருந்தது என்று சொல்லத்தக்க டெர்மினல், அதற்கே சொந்தமான கீபோர்டு, இரண்டும் ஓட வேண்டும். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது என்று லூசி எழுதியிருந்தாள். அதைப் பார்க்கத்தான் வியாழக்கிழமையான இன்று பதினோரு மணிக்கு ஃபாதர் வருகிறார்.

இதையெல்லாம் லூசியை விட அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தவள் அவளுடைய அண்ணி ஜாஸ்மின்.

காரணம் இருக்கிறது. போன வருடம் பஸ் படியிலிருந்து விழுந்து ஜாஸ்மினின் இடுப்பெலும்பு உடைந்தது. எட்டு மாதம் படுக்கை. சேசுராஜுக்கு மின்வாரியத்தில் வேலை, மழையானாலும் வெயிலானாலும் கம்பத்தடியில் நிற்க வேண்டும். லூசிதான் அண்ணியைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், பெட்பேன் எடுத்தாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. கடையை மத்தியானத்துக்கு மேல்தான் திறந்தாள். எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் ஜாஸ்மின் அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றி என்பது பூசையில் சாமியார் சொல்லிக் கேட்கிற சொல். வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் சொல்லாதது நெஞ்சில் கிடந்து உறுத்தியது. லூசிக்கு நம் கையால் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டே இருந்தாள்.

இன்று காலையில் வாய்ப்பு வந்தது.

யாருக்கோ அவசரமாக ஆதார் நகல் வேண்டுமென்று லூசி ஏழு மணிக்கே கடைக்குப் போய்விட்டாள். சேசுராஜ் அரைநாள் லீவு போட்டுவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். ஹாலில் ஜாஸ்மினும் மெஷின்களும்தான். அவள் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் காய்ந்துபோன பொட்டு. சிலதில் திருநீற்றுப் பட்டையும் சேர்ந்து. எத்தனையோ ஆயுத பூஜைக்கு எந்தெந்த ஆபீஸிலோ யார் யாரோ வைத்தது. சாமியார் வருகிற வீட்டில் மெஷின்கள் எல்லாம் இப்படிப் பொட்டும் பட்டையுமாக உட்கார்ந்திருந்தால் அவர் என்ன நினைப்பார்?

ஜாஸ்மினுக்குத் துடைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குக் கோயிலில் இருபது வருடமாகப் புனிதர்களின் சுரூபங்களைத் துடைக்கிறவள் அவள். சொட்டிய மெழுகைப் பெயிண்ட் போகாமல் எடுக்கத் தெரியும். சந்தனமும் குங்குமமும் ஒரு பெரிய விஷயமா? முதலில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி, அப்புறம் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, கடைசியில் வெறும் துணி. கால் வலிக்க வலிக்க ஸ்டூலை இழுத்து இழுத்து உட்கார்ந்து, இரண்டரை மணி நேரத்தில் அத்தனையையும் பளிச்சென்று ஆக்கினாள். முடித்துவிட்டு நின்று பார்த்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

பத்தேமுக்காலுக்கு லூசியும் ஃபாதரும் ஒன்றாகவே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து ஆட்டோவில் கூட்டி வந்திருந்தாள். அறுபத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, கையில் குடை. டீ வேண்டாம் தண்ணீர் போதும் என்றார். அதற்குள் முடி வெட்டிக்கொண்டு திரும்பியிருந்த சேசுராஜ் புதுச்சட்டையில் நின்று வணக்கம் சொன்னார். ஃபாதர் பதில் வணக்கம் சொன்ன கையோடு, சுவரோரம் தனியாக வைத்திருந்த டெர்மினலின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதுதான் லூசி எழுதியிருந்த டெர்மினல். கரென்ட் கொடுக்காமலே அதன் கண்ணாடியில் மங்கலாக இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. வருடக்கணக்கில் ஒரே படிவம் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருந்ததால் விழுந்த தழும்பு. வண்டி எண், முழு எடை, காலி எடை என்று அதில் படிக்க முடிந்தது. சர்க்கரை ஆலை ஒன்றில் கரும்பு வண்டிகளை நிறுத்தும் எடைமேடையில் இருந்த டெர்மினல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

சிக்கல் கீபோர்டில்தான். காயலான் கடையில் லாரி வந்து நின்றதும் முதல் வேலையாகக் கீபோர்டுகளைப் பிடுங்கி பிளாஸ்டிக் குவியலில் எறிந்துவிடுவார்கள். திரை கண்ணாடியோடு போகும், பெட்டி இரும்போடு போகும். ஏலத்துக்கு விடும் முன்பு ஆபீஸ்காரர்கள் பெயிண்டில் எழுதிய நம்பரையும் சுரண்டிவிடுவார்கள். அந்த ஆலையிலிருந்து ஒரே மாதிரி நான்கு கீபோர்டுகள் லூசிக்குக் கிடைத்திருந்தன. நான்கில் எதைச் செருகினாலும் டெர்மினல் ஓடும். ஆகவே ஓடுவது சாட்சி ஆகாது. எது எதனோடு இருந்தது என்று சொல்ல மிச்சமிருந்தது ஆயுத பூஜைப் பொட்டு ஒன்றுதான். ஒரே கை வைத்த பொட்டு ஒரே மாதிரி இருக்கும் என்பது லூசி தானே கண்டுபிடித்த முறை. அதை எழுதித்தான் ஃபாதரை இவ்வளவு தூரம் வரவழைத்திருந்தாள்.

ஃபாதர் டெர்மினலின் நெற்றியைத் தடவினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீபோர்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு எங்கம்மா?" என்று கேட்டார்.

லூசி குனிந்து பார்த்தாள். ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், ஹால் முழுக்கப் பார்த்தாள். எல்லாம் குளித்துவிட்டு வந்த குழந்தைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைத் தண்ணீர்த் தட்டோடு நின்ற ஜாஸ்மின் பார்த்தாள். என்ன நடந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். இருந்தது. ஆனால் லூசி எடுத்ததெல்லாம் கீகளை. பொட்டு இருந்த மேல் ஓரம் எந்தப் படத்திலும் விழவில்லை. நேரில் காட்டப்போகிறோமே என்று இருந்துவிட்டிருந்தாள்.

லூசி நிமிர்ந்தாள். அண்ணியின் பக்கம் அவள் பார்வை போகவே இல்லை.

"நீதான அண்ணா?" என்றாள். குரல் உயரவில்லை. "வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். இப்படிப் பண்ணிட்டியே."

சேசுராஜுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் என்ன செய்தேன், முடி வெட்டிக்கொள்ளத்தானே போனேன் என்றார். லூசி நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னதை வியாழக்கிழமை செய்து முடித்திருக்கிறாய், நைனா இருந்தால் இப்படி விட்டிருப்பாரா என்றாள். செத்துப்போன அப்பாவைப் பேச்சில் இழுத்ததும் சேசுராஜின் முகம் மாறியது. வீட்டுக்கு வந்த சாமியார் முன்னால் அண்ணன் தங்கை உறவு அறுந்துவிழப் போகிற நேரம்.

சும்மா இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஜாஸ்மினுக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றது. வெட்கத்தோடு அதைத் தள்ளினாள்.

"அவரு இல்ல லூசி. நான்தான் தொடச்சேன்."

லூசியின் பார்வை இப்போதுதான் அண்ணியின் பக்கம் திரும்பியது.

"சாமியார் வராரே, பொட்டும் பட்டையுமா இருந்தா இன்னா நெனைப்பாருன்னு... உனக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினு பண்ணிட்டேன்மா." மேலே பேச முடியாமல் அழுதாள். தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை, சேசுராஜ்தான் வாங்கி வைத்தார்.

லூசி அவளைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து ஒரு கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வருட உழைப்பு ஞாயிற்றுக்கிழமை தனகோட்டி கடைக்கு லாரி ஏறப்போகிறது என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

ஃபாதர் சிரித்துவிடக் கூடாதென்று மீசையை ஒதுக்கிக்கொண்டார். பிறகு ஸ்டூலைக் காட்டி ஜாஸ்மினை உட்காரச் சொன்னார். "எப்படித் தொடச்சீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம" என்றார். கண்டிக்கிற தோரணை இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

ஜாஸ்மின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். எண்ணெய்த் துணி போட்டதை, சோப்புத் தண்ணீர் போட்டதை. எதில் பட்டை இருந்தது, எதில் பொட்டு ஒழுகிக் காய்ந்திருந்தது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். துடைக்கிறவளுக்குத்தான் அழுக்கு நன்றாகத் தெரியும். எடைமேடை டெர்மினலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இதுல மட்டும் பயந்தே பூட்டேன் ஃபாதர். சோப்புத் துணி பட்டதும் மஞ்சளா இருந்தது ரத்தமா செவந்து ஓடுச்சு. அப்புறந்தான் நெனச்சேன், மஞ்சக் கறை பட்ட துணியில சோப்பு போட்டா ஆவுமே, அந்த மாதிரின்னு."

ஃபாதரின் கை அப்படியே நின்றது. மற்றதெல்லாம் சிவக்கவில்லையா என்று கேட்டார். இல்லை, அதெல்லாம் சந்தனம், சோப்புப் பட்டால் பேசாமல் கரைந்து போய்விடும் என்றாள் ஜாஸ்மின். சந்தனம் வேறு, மஞ்சள் வேறு என்பதைச் சமையல் கட்டில் கைவைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்களே என்ற ஆச்சரியம் அவள் குரலில் இருந்தது.

"இந்த நாலு கீபோர்டுல?"

"ஒண்ணுதான் செவந்துச்சு."

லூசி நிமிர்ந்து பார்த்தாள். மடியில் வைத்திருந்த கீபோர்டை நீட்டி, இதுவா என்று கண்ணாலேயே கேட்டாள். அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது அதைத்தான். ஜாஸ்மின் தலையை ஆட்டி மறுத்தாள். எழுந்து போய், அடுக்கில் கடைசியாகக் கிடந்ததை எடுத்து வந்து வைத்தாள்.

அது இல்லவே இல்லை, பொட்டின் வடிவமும் தன் மடியில் இருப்பதில்தான் ஒத்திருந்தது என்றாள் லூசி. எடைமேடை என்றால் நாள் முழுக்க எடையைத்தான் தட்டியிருப்பார்கள், நம்பர் கீகள் தேய்ந்திருக்க வேண்டும், தன் மடியில் இருப்பதில்தான் நம்பர்கள் அழிந்திருக்கின்றன, அண்ணி எடுத்து வந்ததில் நம்பரெல்லாம் புதுசாகவே இருக்கின்றன, என்ட்டர் ஒன்றுதான் குழி விழுந்திருக்கிறது என்று அடுக்கினாள். நியாயமாகத்தான் இருந்தது.

அதுவரை ஓரமாக நின்ற சேசுராஜ் தொண்டையைச் செருமினார். இந்தச் சண்டையில் தனக்கும் ஒரு இடம் கிடைத்தது அவருக்குப் பிடித்திருந்தது.

"எடைய எவன் தட்டுவான்? வண்டி ஏறி நின்னா மேடையிலேர்ந்து ஒயர்ல தானா வந்து உழும். நெல்லு மண்டியிலயும் அப்படித்தான். ஆளு என்ட்டர அமுக்குறதோட சரி."

லூசி மடியில் இருந்த கீபோர்டைக் கீழே வைத்தாள். தான் ஒருமுறையாவது எடைமேடைக்குப் போய் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்கு உறைத்தது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் ஃபாதர். லூசி வளைந்த கம்பியை எடுத்து, அண்ணி காட்டிய கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு கீயைப் பக்குவமாகக் கழற்றினாள். வெயிலும் படாமல் துணியும் படாமல் கிடந்த இடம். அடியில் கீயைத் தாங்கிப் பொடிந்துபோன ஸ்பாஞ்சின் தூளோடு கொஞ்சம் மஞ்சள் துகள் ஒட்டியிருந்தது. ஜாஸ்மின் வாளியிலிருந்த சோப்புத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு ஒரு சொட்டு விட்டாள்.

சிவந்தது.

லூசி தேர்ந்தெடுத்ததிலும் அதே இடத்தில் ஒரு கீயைக் கழற்றினார்கள். அங்கேயும் மஞ்சளாகத்தான் இருந்தது. சொட்டு விட்டார்கள். நிறம் மாறவே இல்லை. ஆலையின் ஆபீஸுக்குச் சந்தனம் வந்திருக்கும், வெளியே எடைமேடைக் கொட்டகையில் இருந்தவர் வீட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்திருப்பார், நாமாக நினைத்துக்கொள்வதுதான் என்றார் ஃபாதர். ஆனால் இந்த டெர்மினலும் ஜாஸ்மின் காட்டிய கீபோர்டும் ஒரே இடத்தில் பூஜை வாங்கியவை என்பதில் தனக்குச் சந்தேகமில்லை, நிர்வாகத்துக்கு இந்தச் சாட்சி போதும் என்றும் சொன்னார்.

லூசி எழுந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பும் எண்ணெயும் கலந்த கை.

"நீ தொடைக்காம உட்டிருந்தா தப்பான ஒண்ண ஜோடி சேத்துக் குடுத்திருப்பேன் அண்ணி. காலத்துக்கும் தப்பாவே இருந்திருக்கும்."

அண்ணனிடமும் ஏதோ சொல்ல வந்தாள். சேசுராஜ் அதைக் கேட்க நிற்காமல் ஸ்டெபிலைசர் எடுக்கப் போய்விட்டார். மன்னிப்பு கேட்டால் எப்படி நிற்பது என்று தெரியாத மனிதர். ஒயரைச் சரிபார்த்து ஸ்விட்சைப் போட்டார். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடிக்குள் பச்சையாக ஒரு கோடு மினுக்கியது. பெரிய மெஷின் எதுவும் கூட இல்லாவிட்டாலும், தட்டியதைத் திரையில் அப்படியே காட்டும் வசதி அதற்கு உண்டு. ஃபாதர் தன் பெயரைத் தட்டினார். இரண்டு எழுத்து விழவில்லை, மற்றதெல்லாம் விழுந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார் சேசுராஜ், எல்லாருக்கும் கேட்கும்படி.

எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சனிக்கிழமை வண்டி அனுப்புவதாக ஃபாதர் சொன்னார். மெஷின் பக்கத்தில் வைக்கும் தகவல் அட்டையில் அடையாளம் கண்டவர் பெயர் எழுத வேண்டும் என்றதும், ஜாஸ்மின் என்று எழுதுங்கள் என்றாள் லூசி. கடைசியில் இரண்டு பெயரும் ஏறின. கோயில் நோட்டீஸில்கூட இதுவரை ஜாஸ்மினின் பெயர் அச்சில் வந்ததில்லை.

கை கழுவிவிட்டு வந்த ஃபாதர் இன்னொரு விஷயம் சொன்னார். மெஷின்கள் போனால் மட்டும் போதாது, அவற்றை அறிந்த ஆள் வேண்டும். ஒரு வருடத்துக்கு லூசியை நியமிக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. வளாகத்திலேயே ஒரு சின்ன வீடு கொடுப்பார்கள். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

லூசி அண்ணனைப் பார்க்கவில்லை. ஜாஸ்மினைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை எட்டு மாதம் படுக்கையிலிருந்து பார்த்துப் பழகியவள் ஜாஸ்மின். குடம் யார் தூக்குவது, படியில் யார் பிடித்துக்கொள்வது என்று உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் பார்வை.

ஃபாதரை பஸ் ஏற்றிவிட சேசுராஜ் போனதும் ஜாஸ்மின் பேசிவிட்டாள்.

"எட்டு மாசம் என்னக் கொழந்த மாதிரி பாத்துக்கின. அதுக்கு நான் ஒரு வார்த்த சொன்னது இல்ல. இப்ப சொல்றேன் லூசி. பெத்த தாயி இல்லாத எனக்கு நீதான் தாயா இருந்த. அந்த நன்றி நான் சாவுற வரைக்கும் இருக்கும். ஆனா என்னக் காரணங்காட்டி நீ இங்கயே உக்காந்துட்டேன்னா, அத என்னால தாங்க முடியாது. போம்மா."

சொல்லி முடித்ததும் அவளுக்கு லேசாக இருந்தது, அழுகையும் வந்தது.

லூசி முகத்தைத் துடைத்துக்கொண்டு டெர்மினலின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஸ்பாஞ்சு பொடிந்த கீகளை ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்தி அழுத்தி, நிதானமாக ஏதோ தட்டினாள். பிறகு எழுந்து, கடையைத் திறக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜாஸ்மின் கிட்டே போய்ப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். பச்சை நிறத்தில் ஒரே வரி. எழுத்துக் கூட்டிப் பாதி படிப்பதற்குள் பின்னால் சேசுராஜின் குரல் கேட்டது. அவர் எப்போது திரும்பி வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசற்படியில் நின்றபடியே முழு வரியையும் சத்தமாகப் படித்தார்.

"அண்ணியும் கூட வந்தா போறேன்."

ஜாஸ்மின் திரையை மறைக்க முந்தானையை எடுத்தாள். எடுத்தவள் மறைக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், எங்கேயாவது போகலாம் வா என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

சேசுராஜ் டெர்மினலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"இன்னா ஜாஸ்மின், போறியா?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.